மஞ்சளின் பளபளப்பும் வெல்லத்தின் வெளுப்பும்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அன்றாட உணவிலும் வீட்டுப் பொருள்களிலும் மறைந்திருக்கும் நச்சு வேதிப்பொருள்கள் என்று கைப்பேசியில் வந்த ஒரு நீண்ட பட்டியலைப் படித்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. 330, 322, 500 என்று எண் அச்சிட்ட பொட்டலங்களையெல்லாம் வெளியே எறிந்துவிட்டேன். என் மாமியாரோ, கடையில் வாங்குவதுதான் விஷம், நம் காட்டு மஞ்சளுக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் செக்கு எண்ணெய்க்கும் ஒரு குறையும் வராது என்கிறார். பாக்கெட் பாலை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் பால் ஊற்றச் சொல்லியிருக்கிறோம். பாட்டி காலத்து ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோம். எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது? மகளுக்கு இரத்தப் பரிசோதனை தேவையா?
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மணிக்கு, வணக்கம்.

நீங்கள் வெளியே எறிந்த பொட்டலங்களிலிருந்து தொடங்குகிறேன். 330 என்பது எலுமிச்சையில் இயல்பாகவே உள்ள சிட்ரிக் அமிலம். 322 என்பது சோயாவிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இருக்கும் லெசித்தின். 500 என்பது பணியார மாவில் நீங்களே ஒரு சிட்டிகை போடும் சோடா உப்பும் அதன் இனமும். 1976ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில், புகழ்பெற்ற ஒரு புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதாகச் சொல்லி ஒரு துண்டறிக்கை பரவியது. அதில் 330தான் எல்லாவற்றிலும் கொடியது என்று எழுதியிருந்தது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவமனை மறுத்த பிறகும், கையால் படியெடுத்தும் தட்டச்சு செய்தும் அது பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் கைப்பேசிக்கு வந்த பட்டியல் அதன் கொள்ளுப்பேத்தியாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. எண் போட்டு அச்சிட்ட பொருளுக்கு வரம்பு உண்டு, கேள்வி கேட்க ஆளும் உண்டு. அவற்றில் உங்கள் மகளுக்காகக் குறைத்துக்கொள்ளத் தக்கவை 102, 110, 122, 124 என்ற செயற்கை நிறங்கள் மட்டுமே என்பேன். இவை சேர்ந்த உணவுகளில், குழந்தைகளின் கவனத்தையும் துறுதுறுப்பையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய நாடுகள் 2010 முதல் கட்டாயமாக அச்சிடச் செய்கின்றன.

உங்கள் மாமியாரின் கட்சிக்கும் நான் முழுதாகப் போக முடியாது. அச்சிடப்படாத பொருள்கள் உணவுக்குள் வரும் வழி, பெரும்பாலும், அவர் நம்பிக்கை வைத்திருக்கும் நாட்டுப் பொருள்களின் வழிதான். நம் கொங்குப் பகுதி மஞ்சள், வெல்லம், தேங்காய்ப் பருப்பு, ஜவ்வரிசி ஆகியவற்றுக்குப் பேர்போனது. இவை நான்கையும் சந்தையில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தை. மஞ்சள் பளிச்சென்று இருக்க வேண்டும், வெல்லம் வெளுத்திருக்க வேண்டும், பருப்பும் ஜவ்வரிசியும் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். விளைந்த பொருளின் இயல்பான நிறத்துக்கு ஒரு விலையும் செயற்கையான நிறத்துக்கு அதைவிட உயர்ந்த விலையும் கிடைக்கும் வரையில், அந்த நிறத்தை வரவழைக்கும் பொருளும் எங்கோ ஒரு கட்டத்தில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே, எதை வாங்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு என் விடையில் பாதி, மங்கலானதை வாங்குங்கள் என்பதுதான்.

முதலில் மஞ்சள், நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். தோண்டிய கிழங்கை வேகவைத்து, களத்தில் காயவைத்து, உருளையில் போட்டுப் பாலீஷ் செய்வது உங்கள் ஊரில் எல்லோரும் அறிந்ததே. மேல்தோலின் சொரசொரப்பு நீங்கிய பிறகு, நிறம் கூட்டுவதற்காக மஞ்சள் தூளையே நீரில் கரைத்துத் தெளிப்பது பழைய வழக்கம், அதில் குற்றமில்லை. அந்த இடத்தில் ஈயக் குரோமேட் என்ற சாயப்பொடியைப் பயன்படுத்துவதுதான் கொடுமை. வண்ணப்பூச்சுக்காகச் செய்யப்படும் இந்தப் பொடியில் ஈயமும் (அதாவது காரீயம்) குரோமியமும் சேர்ந்தே இருக்கின்றன. மஞ்சளில் இயல்பாக உள்ள நிறப்பொருளான குர்க்குமின் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குதான். அதைக் கொண்டு கண்ணைப் பறிக்கும் நிறத்தை வரவழைக்க முடியாது என்பதால், மழையில் நனைந்து கறுத்த மஞ்சளையும் பூச்சி துளைத்த மஞ்சளையும் கரையேற்ற இந்தச் சாயம் கை கொடுக்கிறது. வங்கதேசத்தில் கிராமத்துக் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதன் காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், ஈயத்தின் ஓரிடத்தான்களை (எடையில் சற்றே மாறுபட்டு, ஈயம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் அணு வகைகளை) ஒப்பிட்டு, அது மஞ்சள் தூளிலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். அதன்பின் அந்நாட்டு அரசு ஆலைகளைச் சோதித்து அபராதம் விதித்து, மக்களிடமும் எடுத்துச் சொன்னது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காணப்பட்ட ஈயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை என்ற நிலை வந்தது. செய்தால் நடக்கும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை வைத்துக்கொண்டு, கொஞ்சமாக இருந்தால் பாதகமில்லை என்று உங்களிடம் யாரேனும் சொல்லலாம். பல வேதிப்பொருள்களுக்கு அது சரிதான், ஈயத்துக்குச் சரியாகாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடில்லாத ஈய அளவு என்று ஒன்றை இதுவரை யாரும் வரையறுக்கவில்லை. உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைப் போல 4 அல்லது 5 மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு இது இன்னும் கூடும். ஈர்க்கப்பட்ட ஈயம் எலும்பில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துக் கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்துக்கு வருகிறது. மஞ்சளில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டின் விதி. அந்த அளவே எனக்கு அதிகமாகப் படுகிறது.

உங்கள் காட்டு மஞ்சளைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் மஞ்சளைப் பாலீஷ் செய்வதற்கு முன்பே எடுத்து வைக்கிறீர்களா, விற்பனைக்குப் போனதிலிருந்து திருப்பி எடுக்கிறீர்களா? முன்னதென்றால் உங்கள் மாமியார் சொல்வது முற்றிலும் சரி. பாலீஷ் போடாத விரலி மஞ்சளைக் கழுவிக் காயவைத்து, அரவை மில்லில் முதலில் ஒரு பிடியை ஓடவிட்டு அதைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியை அரைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன் அரைத்தவரின் சரக்கு இயந்திரத்தில் ஒட்டியிருக்கும். வெளியில் வாங்குவதானால் தூளாக வாங்காமல் விரலியாக வாங்குவது மேல். சாயம் பூசிய விரலியைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் உடனே மஞ்சளாகும் என்று சொல்லப்படும் வீட்டுச் சோதனை, தாராளமாகப் பூசியதை மட்டுமே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஈயம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வெல்லத்தின் கதை வேறு. கரும்புச் சாற்றின் அழுக்கை எடுக்கச் சுண்ணாம்பும் வெண்டைச் செடியின் கொழகொழப்பும் போதும் என்பது நம் ஆலைக்கொட்டகைகளில் வழிவழியாக வந்த அறிவு. இப்போது சாறு காய்ச்சும் கொப்பரையில் ஹைட்ரோஸ் என்று ஒன்றைப் போடுகிறார்கள். அது சோடியம் ஹைட்ரோசல்பைட். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியின் நிறத்தை இறக்கவும் சாயத்தைக் கரைக்கவும் பயன்படும் அதே பொருள். கறுத்த பாகு சில நிமிடங்களில் பொன்னிறமாகும். ஆனால் அந்த நிறம் நிலைப்பதில்லை, இரண்டொரு மாதம் இருப்பு வைத்தால் மீண்டும் கறுக்கும். எஞ்சும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஈயத்தைப் போல இது உடலில் சேர்ந்து தங்குவதில்லை. ஆயினும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். உங்கள் மகளுக்கு இழுப்பு இருந்தால் வெளுத்த அச்சுவெல்லத்தை வீட்டுக்குள் விடாதீர்கள். அஸ்காவை, அதாவது வெள்ளைச் சர்க்கரையை, கலந்து வெல்லம் காய்ச்சுவதும் பரவலாக நடக்கிறது. அது மோசடியே தவிர நஞ்சன்று. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகும் பெருமை கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கு உண்டு என்பதை அறிவேன். என்றாலும், ஊர்ப் பெயரை நம்பி வாங்குவதைவிடக் காய்ச்சுகிறவரை அறிந்து வாங்குவது நல்லது. அடர்ந்த பழுப்பு நிறத்தைக் கேட்டு வாங்கினால், ஹைட்ரோஸ் போட வேண்டிய தேவையே அவருக்கு இல்லாமல் போகிறது. ஜவ்வரிசிக்கும் இதே விதிதான்: அது வெளுப்பான் கண்டதா இல்லையா என்பதை வீட்டில் அறிய வழியில்லை, சற்றே மங்கிய வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

செக்கு எண்ணெய்க்கு வருவோம். இதில் நான் சொல்லப்போவது உங்கள் மாமியாருக்குப் பிடிக்காது. தேங்காய்ப் பருப்பு வெள்ளையாக இருக்கவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் களங்களில் கந்தகப் புகை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை இதைத் தடுக்கச் சோதனைகளும் நடத்துகிறது. ஆனால் கந்தகத்தை நிறுத்திவிட்டுச் சரியாகக் காயவும் வைக்காமல் விட்டால் வருவது அதைவிடக் கெட்டது. ஈரமுள்ள பருப்பிலும் நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒரு வகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட இந்த நஞ்சை எந்த ஆலையும் கலப்பதில்லை; விளைச்சலோடு சேர்ந்தே வருகிறது, சமையல் வெப்பத்தில் முழுதும் அழிவதும் இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்து எண்ணெயைத் தெளிய வைக்கும்போது இது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டி அப்படியே வடித்த எண்ணெயில் நீங்க வழியில்லை. செக்கு எண்ணெயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் அதுதான். ஆட்டக் கொடுக்கும் கடலையைச் சுளகில் கொட்டி, சுருங்கியதையும் கறுத்ததையும் பூத்ததையும் பொறுக்கி எறியுங்கள். நஞ்சில் பெரும்பகுதி அந்தச் சில பருப்புகளில்தான் இருக்கும். கசக்கும் கடலையைக் குழந்தை துப்பினால் திட்டாதீர்கள்.

ஆட்டி மிஞ்சிய புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. அதிலுள்ள அஃப்ளடாக்சின் அங்கிருந்து பாலுக்கு வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. யூரியா, சலவைத்தூள் போன்ற கலப்படத்தால் உண்ணத் தகாதவை என்று கண்டறியப்பட்டவை வெறும் 12. தீவனத்து நஞ்சு மாட்டின் உடலில் மாறிப் பாலில் வரும் வடிவமான அஃப்ளடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தவையோ 5.7 சதவீதம், அதில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. நாம் இத்தனை காலம் பாலில் யூரியாவைத் தேடிக்கொண்டிருக்க, சிக்கல் தீவனத் தொட்டியில் இருந்திருக்கிறது. பதப்படுத்திய பாலில்தான் இது கூடுதலாகத் தென்பட்டது என்பதும் உண்மை. ஆனாலும், பக்கத்துத் தோட்டத்துப் பால் என்பது இரண்டு மூன்று மாடுகளின் பால். அந்த வீட்டுக்காரர் நனைந்த பருத்திக்கொட்டையையோ பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையோ போட்டால், அந்த வாரப் பால் முழுவதும் அதைச் சுமந்து வரும். காய்ச்சினாலும் போகாது. கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாள்களில் பால் தெளிந்துவிடும் என்பதால், பால்காரரிடம் சண்டையிட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அவருடைய தீவன மூட்டைகள் தரையில் கிடக்கின்றனவா, பலகை மேல் இருக்கின்றனவா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாரியூரிலும் பண்ணாரியிலும் திருவிழாக் கடைகளில் விற்ற இளஞ்சிவப்புப் பஞ்சுமிட்டாயைக் குறித்து நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. துணிச் சாயமான ரோடமின்-பி அதில் இருந்ததைக் கண்டு, தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் நிறம் சேர்த்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது. சாயமிடாத வெள்ளைப் பஞ்சுமிட்டாய் வெறும் சர்க்கரைதான். பல்லுக்குக் கெடுதலே தவிர வேறொன்றுமில்லை.

இனி ஈயச் சொம்பு. உண்மையான ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதனால் கேடில்லை. வெள்ளீயம் விலை உயர்ந்தது, காரீயம் மலிவானது, இரண்டும் எளிதில் உருகிக் கலப்பவை. பாட்டி வாங்கிய காலத்தில் கன்னார் எதை எவ்வளவு சேர்த்தார் என்பதைக் கண்ணாலோ எடையாலோ அறிய இயலாது. புளியின் அமிலமும் கொதிநிலையும் காரீயத்தைக் கரைப்பதற்கு மிகவும் ஏற்ற சூழல். உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி உள்ள ஆய்வகத்தில் சோதித்துக் காரீயம் இல்லை என்று எழுத்தில் வாங்கும் வரை அதில் ரசம் வைக்க வேண்டாம். பழைய உலோகச் சாமான், உடைந்த இயந்திர பாகம், மின்பொருள் கழிவு ஆகியவற்றிலிருந்து உருக்கி வார்த்த பெயரில்லாத அலுமினியப் பாத்திரங்களிலும் ஈயம் இருக்கக்கூடும். புளிக்குழம்பும் தக்காளி ரசமும் எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ கொதிக்கட்டும். இந்தச் செலவு செய்யத் தக்கது. கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க நெகிழிப் பையில் வரும் சாம்பாரைத் தவிர்க்கத் தூக்குப்போசி எடுத்துப் போனால் போதும். செய்தித்தாளில் எண்ணெய்ப் பலகாரம் வைத்துக் கொடுப்பது 2018ஆம் ஆண்டின் பொட்டல விதிகளின்படியே தவறு.

வீட்டுப் பொருள்களில் உங்கள் பட்டியல் ஷாம்பூவையும் பற்பசையையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. குளியலறை மூலையில் இருக்கும் ஆசிட் புட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே தரையில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் ஐந்து நிமிடத்தில் நுரையீரலைப் புண்ணாக்க அது போதும். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். எதை வாங்கினாலும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். நான்கு வயதுக் குழந்தைக்குப் புட்டியின் வடிவம்தான் தெரியும். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மூடிய அறையில் கொசுவலைதான் சரி. உங்கள் வீடு பழையதென்றால் சன்னல் கம்பிகளின் வண்ணப்பூச்சு உரிகிறதா என்று பாருங்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கடைக் குங்குமத்தையும் கண்மையையும் குழந்தைக்கு இடுவதை நிறுத்திவிடலாம்.

பரிசோதனை பற்றி. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. அரசின் பகுப்பாய்வுக் கூடங்கள் கோவையிலும் சேலத்திலும் உள்ளன. எப்படிக் கொடுப்பது என்பதை ஈரோட்டில் உள்ள உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரின் அலுவலகம் சொல்லும். பொதுவாகத் தரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் ஈரப்பதத்தின் அளவும் எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவும்தான் கிடைக்கும். மஞ்சளில் ஈயமும் குரோமியமும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

அந்த முடிவிலோ சொம்பின் சோதனையிலோ ஈயம் தெரிந்தாலும், குழந்தை மண்ணையோ உரிந்த வண்ணத்தையோ தின்னும் பழக்கம் உள்ளவளாக இருந்தாலும், காரணம் புரியாத இரத்தசோகையோ அடிக்கடி வயிற்றுவலியும் மலச்சிக்கலுமோ இருந்தாலும், குழந்தை மருத்துவரிடம் சொல்லி இரத்த ஈயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் இப்போதைக்கு அவளைக் குத்த வேண்டியதில்லை. விரல் நுனியில் எடுக்கும் துளியில் தோலில் ஒட்டியிருக்கும் ஈயம் கலந்து அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், நரம்பில் எடுத்த இரத்தத்தையே சோதிக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மூலத்தைத் தேட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வகுத்த அளவு. அந்த எண் சற்றுக் கூடியதாலேயே ஈயத்தை இறக்கும் மருந்து வேண்டும் என்று யாரேனும் எழுதித் தந்தால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள், அம்மருந்துகள் மிக உயர்ந்த அளவுகளுக்கானவை. அதே நாளில் இரும்புச்சத்தின் அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். குறைவு இருந்தால் அதைச் சரிசெய்வதே ஈயம் உடலில் ஏறுவதைக் குறைக்கும்.